உர மானியப் பெயர்ப்பட்டியல்: தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எப்படி எழுதுவது?

வெலிமடைப் பக்கம் எங்கள் வயல்வெளியில் 2024/25 பெரும்போக உர மானியம் யார் யாருக்குப் போனது என்ற பட்டியல் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய், உச்சம் 2 ஹெக்டேயர். அரை ஏக்கர் செய்பவருக்கு 5,000 ரூபாய்தான் வரும். அதுவும் சிலருக்கு வரவில்லை. பணம் பதிவிலுள்ளவரின் வங்கிக் கணக்குக்கே போகிறது. குத்தகைக்குச் செய்பவரின் பெயர் பதிவில் ஏறாவிட்டால், சேற்றில் இறங்குபவர் ஒருவர், காசு எடுப்பவர் இன்னொருவர். அதனால்தான் பட்டியலே முக்கியம்.

கமநல நிலையத்தில் வாய்மொழியாகக் கேட்டோம். கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலும் கேட்டோம், பதில் இல்லை. பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மார்ச்சில் விண்ணப்பித்தோம். கேட்டது இவ்வளவுதான்: பெயர், வயலின் பெயர், பரப்பளவு, தொகை, செலுத்திய திகதி. அடையாள அட்டை இலக்கமோ கணக்கு இலக்கமோ கேட்கவில்லை.

5(1)(அ) பிரிவைக் காட்டி, தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிட்டார்கள். 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (முதல் மேன்முறையீட்டைப் பார்ப்பவர்) மேன்முறையீடு செய்தோம். அவரும் அதே காரணத்தையே எழுதியிருக்கிறார். அந்தப் பிரிவிலேயே பொது நலன் மேலோங்கினால் வெளியிடலாம் என்று இருக்கிறது. பொதுப் பணத்துக்கு அது பொருந்தாமல் வேறெதற்குப் பொருந்தும்? ஆணைக்குழுவுக்குப் போக இரண்டு மாத அவகாசம், அது ஓடிக்கொண்டிருக்கிறது. மறுப்புக் கடிதங்கள், பதிவுத் தபால் பற்றுச்சீட்டுகள் எல்லாம் கைவசம் உண்டு.

மானியம் பெற்றவர்களின் பெயர்ப்பட்டியலை ஆணைக்குழு வழியாகப் பெற்றவர்கள் இங்கே இருந்தால், பொது நலன் வாதத்தை மேன்முறையீட்டில் எந்த வசனத்தில் எழுதினீர்கள்?