திறந்தவெளிக் கச்சேரி: டீசலையும் குப்பையையும் எங்கே குறைப்பது?

கேள்வி
3,000 பேர் வரும் 5 மணி நேர மேடை நிகழ்ச்சி. 125 கேவிஏ ஜெனரேட்டர் ஓடுகிறது. 1000 வாட் பார் கேன் (பழைய வகை மேடை விளக்கு) 40, ஆம்ப்ளிஃபயர் மொத்த ரேட்டிங் 24 கிலோவாட், எல்இடி ஸ்கிரீன் 24 சதுர மீட்டர், கடைகளும் மற்றவையும் 6 கிலோவாட். லைட்டை எல்லாம் எல்இடிக்கு மாற்றினால் டீசல் பாதியாகுமா? மட்கும் கப் வாங்கலாமா?

பவர்கார்ட்
ஜெனரேட்டரை மாற்றாவிட்டால் ஆகாது. சும்மா ஓடுவதற்கே இன்ஜின் கணிசமாகக் குடிக்கும்.

200 வாட் எல்இடி போட்டால் லைட் 40 கிலோவாட்டிலிருந்து 8 ஆகும். ஆம்ப் ரேட்டிங்கை அப்படியே கூட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. இசை சராசரியாக இழுப்பது ரேட்டிங்கில் எட்டில் ஒரு பங்கு. அது 3 கிலோவாட், ஆம்ப்பின் நஷ்டத்தோடு 5 என்று வையுங்கள். ஸ்கிரீன் முழு வெள்ளையில் சதுர மீட்டருக்கு 600 வாட் என்றால் உச்சம் 14; படம் ஓடும்போது சுமார் 5. ஆக ஓடும் லோடு 24, உச்சம் 33.

125 கேவிஏ என்பது 0.8 பவர் ஃபேக்டரில் (கேவிஏவில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 100 கிலோவாட். அதை 24 சதவீதத்தில் ஓட்டுவீர்கள். 30க்குக் கீழே நெடுநேரம் ஓடினால் இன்ஜின் போதிய சூடேறாது, எரியாத டீசல் புகைக்குழாயில் கறுப்புப் பிசினாகக் கசியும். 62.5 கேவிஏ போதும்: 50 கிலோவாட், உச்சத்திலும் 66 சதவீதம்தான், பாஸ் (தாழ்ந்த ஒலி) குத்தும்போது திடீரென ஏறும் லோடுக்கும் இடம் இருக்கிறது. முடிவெடுக்கும் முன் ஒரு நிகழ்ச்சியில் கிளாம்ப் மீட்டரால் (கேபிளைச் சுற்றிப் பிடித்து கரண்ட்டை அளக்கும் கருவி) மூன்று ஃபேஸையும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். என் கணக்கைவிட அந்தத் தாள்தான் முக்கியம்.

சைக்ளோரமா
எல்இடியைப் பழைய டிம்மர் ரேக்கில் (விளக்குக்குப் போகும் கரண்ட்டைக் குறைத்து மங்கலாக்கும் பெட்டி) செருகிவிடாதீர்கள். டிம்மர் வெட்டிக் கொடுக்கும் கரண்ட்டில் உள்ளே இருக்கும் பவர் சப்ளை போய்விடும். நேர் சப்ளை கொடுத்து, டிஎம்எக்ஸில் (விளக்குக்குக் கட்டளை அனுப்பும் சிக்னல்) மங்கலாக்குங்கள். நாற்பதையும் ஒரே சமயத்தில் ஆன் செய்தால் தொடக்க இழுப்பில் பிரேக்கர் விழும்; எட்டு எட்டாகப் போடுங்கள். மூன்று ஃபேஸிலும் லோடு சமமாக இருந்தாலும் மூன்றாம் ஹார்மோனிக் (எல்இடி பவர் சப்ளை உண்டாக்கும், மூன்று மடங்கு அதிர்வெண் கொண்ட கரண்ட்) நியூட்ரலில் ரத்தாகாமல் கூடிக்கொண்டே போகும். அதனால் நியூட்ரல் கேபிள் ஃபேஸைவிட மெலிசாக இருக்கவே கூடாது.

முக ஒளிக்கு மட்டும் மலிவு ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் கலக்கும் எல்இடி) வேண்டாம். அந்தக் கலவை வெள்ளையில் பாடகர் காய்ச்சலில் விழுந்தவர்போல் தெரிவார். சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் உள்ள வார்ம் வொய்ட் எடுங்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி. நிகழ்ச்சி முடிந்தபின் ஃப்ரீசர், காவல் விளக்கு 2 கிலோவாட் காலைவரை, 9 மணி நேரம் ஓட வேண்டும். அதற்கும் இதே ஜெனரேட்டரா?

பவர்கார்ட்
வேண்டாம், 4 சதவீத லோடில் ராத்திரி முழுக்க டீசலை வீணடிப்பீர்கள். தேவை 18 யூனிட். 25 யூனிட் பேட்டரி எடுத்தால் 80 சதவீதம்வரை இறக்கினாலும் 20 கிடைக்கும். நிகழ்ச்சி நேரத்திலேயே சுமார் 4.5 கிலோவாட்டில் சார்ஜ் ஏற்றுங்கள். ஜெனரேட்டரும் 57 சதவீதத்துக்கு வந்து ஒழுங்காக ஓடும்.

கப்புசாமி
பிஎல்ஏ (தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) கப்பில் ‘மட்கும்’ என்று போட்டிருந்தாலும் அது வீட்டு உரக்குழியில் லேசில் மட்காது. 60 டிகிரி அளவில் நடக்கும் ஆலை வேண்டும். பார்வைக்கு பெட் (தண்ணீர் பாட்டில்) பிளாஸ்டிக் மாதிரியே இருப்பதால் அந்த மறுசுழற்சிக் குவியலையும் கெடுக்கும். கழுவி மறுபடி தரும் பாலிபுரொப்பிலீன் கப், டெபாசிட்டோடு கொடுங்கள். டெபாசிட் மிகக் குறைவாக இருந்தால் கப் குப்பைக்குப் போகும். தேதி, பெயர் அச்சடித்தால் நினைவுப்பொருளாக வீட்டுக்குப் போகும். திரும்ப வாங்கும் மேசை வெளிவாசலிலும் இருக்கட்டும். கழுவியதும் ஈரத்தோடு அடுக்கினால் மறுநாள் பூஞ்சை வாடைதான்.

சைக்ளோரமா
ஒன்று விட்டுப்போயிற்று. இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் டீசலைவிடப் பெரிய புகைக்கணக்கு கூட்டம் வந்துபோகும் வண்டிகளுடையது. கடைசி பஸ், ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே நிகழ்ச்சியை முடியுங்கள், அந்த நேரத்தை டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள். மைதானத்தை விட்டு 3,000 பேர் வெளியே வரவே நேரம் பிடிக்கும்.