வருமானம் பாத்து குடுக்குற உதவித்தொகை: கொஞ்சம் கூட சம்பாதிச்சா மொத்தமும் கட்டா?

பாதிக்கிணறு:
ஒரு டவுட். லிமிட்டுக்கு கொஞ்சம் கீழ இருந்தா உதவி முழுசா வரும், ஓவர்டைம் பாத்து கொஞ்சம் மேல போயிட்டா மொத்தமும் கட், அப்ப உழைச்சவன் கைல முன்ன விட கம்மியால்ல நிக்குது? இத யாருமே யோசிக்கலயா இல்ல எனக்குத்தான் புரியலயா?

கணக்குப்புள்ள:
சரியாத்தான் புரிஞ்சிருக்கு. அதான் சில எடத்துல ஒரேடியா வெட்டாம கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கிறாங்க. பிரிட்டன்ல யுனிவர்சல் கிரெடிட்னு ஒண்ணு, வரி போக கைக்கு வர்ற ஒவ்வொரு பவுண்டுக்கும் உதவில 55 பென்ஸ் கழிப்பாங்க (2021 வரைக்கும் 63). பிள்ளை இருக்கவங்க, உடம்பு முடியாதவங்களுக்கு மொதல்ல கொஞ்சம் சம்பாத்தியத்த கணக்குல சேக்காம விட்டுடுவாங்க. வேலைக்கு போனா நஷ்டமில்லதான், ஆனா பஸ் காசு, பிள்ளைய பாத்துக்க ஆள் எல்லாம் போக மிச்சம் என்னன்னு நீங்களே போட்டு பாருங்க.

மழைக்காகம்:
வருமானத்த விடுங்க, சேமிப்புல கை வெக்கிறதுதான் கொடும. அமெரிக்கால எஸ்எஸ்ஐ, வயசானவங்க மாற்றுத்திறனாளிங்களுக்கு குடுக்குறது, குடியிருக்கிற வீடும் ஒரு காரும் போக ஒரு ஆள்கிட்ட 2,000 டாலருக்கு மேல இருக்கக்கூடாது. அந்த 2,000 எப்ப வெச்சது தெரியுமா, 1989ல! விலைவாசி எங்கயோ போயிடுச்சு இது அங்கயே குந்திட்டிருக்கு. இதுல கல்யாணம் ஆன ஜோடிக்கு 4,000 இல்ல, 3,000தான். தாலி கட்டுனதுக்கு ஃபைன் போல 😀 ஆத்திர அவசரத்துக்கு நாலு காசு ஒதுக்கி வெக்காதன்னு சொல்லிட்டு அப்புறம் ஏன் முன்னேறலன்னா எப்படி.

பழையபேப்பர்:
1931ல பிரிட்டன்ல வேலையில்லாதவங்களுக்கு இதே மாதிரி வருமானம் பாத்து உதவி குடுக்குறத கொண்டாந்தாங்க, ஆபீஸ்லருந்து வீட்டுக்கே வந்து யாரு யாரு என்ன சம்பாதிக்கிறீங்கன்னு நோண்டுவாங்க. பையன் சம்பளத்த காட்டி அப்பனுக்கு கொறச்சாங்க, அதனாலயே பசங்க வீட்ட விட்டு வேற எடத்துல போய் தங்குனாங்க. இன்னைக்கும் இந்த மாதிரி கேள்விக்கு கூச்சப்பட்டே தகுதி இருந்தும் அப்ளை பண்ணாம விடுறவங்க நெறய.

பாதிக்கிணறு:
அப்ப எல்லாருக்கும் குடுத்துட்டு வசதியானவன்கிட்ட வரில திருப்பி வாங்கிட்டா?

கணக்குப்புள்ள:
அதுலயும் லிமிட் வந்து நிக்குதே. அதே பிரிட்டன்ல பிள்ளைங்களுக்கு குடுக்குற உதவிய 2013லருந்து அப்படித்தான் திருப்பி வாங்குறாங்க. 2024லருந்து வருஷ வருமானம் 60,000 பவுண்டு தாண்டுனா கொஞ்சம் கொஞ்சமா, 80,000ல முழுசா. ஆனா ரெண்டு பேர்ல அதிகமா சம்பாதிக்கிறவர மட்டும்தான் பாப்பாங்க. புருஷன் பொண்டாட்டி ஆளுக்கு 59,000னா முழு உதவி, ஒருத்தர் மட்டும் வேலைக்கு போய் 80,000 வாங்குனா ஒண்ணுமில்ல.