62 கிலோ எடையோடு எஸ்டியார்டே எப்படி இத்தனை கோல் அடித்தார்?

கேள்வி:
ஸ்பெயினின் மனுவேல் எஸ்டியார்டே 1.78 மீட்டர் உயரம், 62 கிலோதான். நீச்சல் குளத்தில் நீந்தியபடி பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் வாட்டர் போலோவில் 100 கிலோ ஆட்கள் சர்வசாதாரணம். ஆனாலும் 1980 முதல் 1992 வரை நான்கு ஒலிம்பிக்கிலும் அதிக கோல் அடித்தவர் அவரே. எப்படி? தங்கத்துக்கு மட்டும் ஏன் 1996 வரை காத்திருந்தார்?

பதில் 1:
எடை கட்டாயம் வேண்டியது சென்டர் ஃபார்வர்டுக்கும் அவரைப் பிடிக்கும் டிஃபெண்டருக்கும்தான். கோலுக்கு 2 மீட்டர் முன்னால் மல்லுக்கட்டும் இடம் அது. எஸ்டியார்டே போல வெளிவட்டத்தில் ஆடுபவருக்கு வேகம்தான் சொத்து. பந்து கைமாறியதும் முதல் மூன்று நான்கு நீச்சல் வீச்சில் எதிராளியை முந்திவிட்டால், அன்றைய 30 மீட்டர் மைதானத்தில் பெரிய உடம்புக்காரரால் எட்டிப் பிடிக்க முடியாது. எதிரணியில் ஒருவர் வெளியேற்றப்பட்டு 6-க்கு 5 ஆகும்போதும் இதே கதைதான். பந்து இரண்டு பாஸில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வேண்டும், கோலி (கோல்கீப்பர்) நகர்ந்து முடிக்கும் முன் ஷாட் கிளம்ப வேண்டும்.

பதில் 2:
ஃபேக்கை, அதாவது எறிவதுபோல் ஏமாற்றுவதை, விட்டுவிட்டீர்களே. எக்பீட்டர் கிக்கில் (கால்களை மாறி மாறி வட்டமாகச் சுழற்றும் உதை) இடுப்புவரை எழும்பி, முழங்கையைக் காதுக்கு மேலே வைத்து, எறிவதுபோல் கையை முன்னே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கோலி எகிறுவார். அவர் தண்ணீருக்குள் இறங்கும் அந்த நொடியில் எறிந்தால் தடுக்கக் கை எழாது. பலர் சொதப்புவது கால்களில்தான்: முதல் ஃபேக்கிலேயே கிக் தளர்ந்து இடுப்பு இறங்கும், முழங்கை தாழும், பந்து நேரே தடுக்க நிற்பவரின் கையில் படும். உடம்பு பின்னால் சாய்ந்தால் பந்து கோலின் குறுக்குக் கம்பிக்கு மேலே போய்விடும். கோலின் உயரமே தண்ணீரிலிருந்து 90 செ.மீ.தான். எடை குறைந்தவருக்கு மேலே நிற்பது கொஞ்சம் சுலபம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 3:
தங்கம் தள்ளிப்போனதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. 1992 பார்சிலோனா இறுதிப்போட்டி கூடுதல் நேரத்துக்கு மேல் கூடுதல் நேரமாக இழுத்து, 9-8 என இத்தாலியிடம் போனது. 1991, 1994 உலகச் சாம்பியன்ஷிப் இறுதிகளிலும் தோல்விதான். 1996 அட்லாண்டாவில் அவர் டாப் ஸ்கோரர் இல்லை. கோல் போடும் பாரம் அணி முழுக்கப் பகிரப்பட்டிருந்தது, பின்னால் ஹெசுஸ் ரோலான் என்ற அபார கோலி. குரோஷியாவை 7-5 என வென்றார்கள். என் கணிப்பில் கோல் பாரம் பகிரப்பட்டதும் தங்கம் வந்ததும் தொடர்புள்ளவை. 1998-ல் பெர்த்தில் உலகப் பட்டமும் வந்தது. 2000 சிட்னி அவருக்கு ஆறாவது ஒலிம்பிக், மொத்தம் 127 கோல். பிறகு பயிற்சியாளர் பெப் குவார்டியோலாவுடன் கால்பந்துப் பக்கம் போய்விட்டார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பெனால்டியிலும் இந்த ஃபேக் செல்லுமா?

பதில் 2:
செல்லாது. விசில் அடித்ததும் 5 மீட்டரிலிருந்து ஒரே வீச்சில் எறிய வேண்டும். கை நடுவில் நின்றால் பந்து எதிரணிக்கு.