வவுல்பனே சுண்ணாம்புக் குகை: கொழும்பிலிருந்து ஒரே நாளில் போய் வரலாமா?

நீலா (வெள்ளவத்தை):
லண்டனிலிருந்து சித்தியின் மகன் வந்து நிற்கிறான். சிகிரியா, எல்ல எல்லாம் முடிந்துவிட்டது. "ஆட்கள் அவ்வளவாகப் போகாத இடம் ஏதும் இருக்கா அக்கா?" என்கிறான். எம்பிலிப்பிட்டியப் பக்கம் வவுல்பனே என்றொரு குகை இருக்கிறதாமே, போனவர்கள் யாரும் உண்டா? அம்மாவும் வருவாராம். வயது 65, முழங்கால் நோவு வேறு. வானா, பஸ்ஸா? என்னென்ன கொண்டுபோக வேண்டும்? என் சிங்களம் மரக்கறிக்கடை அளவுக்குத்தான்.

குகைப்பித்தன் (கொட்டாஞ்சேனை):
தங்கச்சி, முதலில் வானத்தைப் பாருங்கள், வானைப் பிறகு பேசலாம்.

அந்தக் குகைக்குள்ளே ஓடை ஓடுகிறது, அருவியும் விழுகிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் கொளுத்தும். மேலே இறக்குவானை மலைப்பக்கம் மழை அடித்தால் உள்ளே தண்ணீர் மளமளவென்று ஏறிவிடும். ஒக்டோபர், நவம்பர் பக்கமே போகாதீர்கள். பெப்ரவரி என் விருப்பம். எந்த மாதமானாலும் மத்தியானத்துக்கு முன் வெளியே வந்துவிட வேண்டும். பின்னேர மழை அந்தப் பக்கத்துக்குப் பழக்கம்.

பாதை லேசு. அவிசாவளை, இரத்தினபுரி, பெல்மதுளை. அங்கே எம்பிலிப்பிட்டிய வீதிக்குத் திரும்பி, கொடகவெல தாண்டினால் பல்லேபெத்த. அங்கிருந்து உள்வீதி. எப்படியும் நான்கு மணித்தியாலம் பிடிக்கும், விடியுமுன் கிளம்புங்கள். புறக்கோட்டையில் எம்பிலிப்பிட்டிய பஸ் ஏறி, பல்லேபெத்தவில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். அம்மாவோடு என்றால் வான்தான்.

வாசலை நெருங்கும்போதே வௌவால் எச்சத்தின் நெடி மூக்கில் ஏறும். உள்ளே எச்சமும் ஈரமும் சேர்ந்து, சவர்க்காரம் தேய்த்த தரை மாதிரி வழுக்கும். பிடிப்புள்ள பழைய சப்பாத்து போடுங்கள், பாட்டா செருப்பு வேண்டாம். ஆளுக்கொரு தலை டோர்ச். ஊர்ப் பையன் ஒருவரைக் கூட்டிப்போங்கள், தண்ணீர் ஏறுகிறதா என்று அவருக்குத்தான் தெரியும்.

டோர்ச்சைக் கூரைக்கு அடித்து வௌவால்களைக் கலைக்காமல், சுவரோரம் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதின் நுனியில் ஒரு துளி நிற்கும். உடனே விழாது. மண்ணுக்குள் இறங்கும்போது கரியமிலவாயுவை வாங்கி, கல்லைக் கரைத்துக்கொண்டு வந்த மழைத்தண்ணீர் அது. குகைக் காற்றில் அந்த வாயு பிரிய, கரைந்த சுண்ணாம்பு நுனியில் படிகிறது. அங்கே கை பட்டால் விரல் எண்ணெய் ஒட்டி, மேற்கொண்டு படிவது கெடும். தம்பிக்கு இதைச் சொல்லிவையுங்கள். படம் எடுக்கிற எல்லோருக்கும் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அது என்ன வியாதியோ!

ஊரெழுவான்:
சுண்ணாம்புக் கல் பார்க்க இரத்தினபுரி மாவட்டத்துக்கா? எங்கள் யாழ்ப்பாணமே சுண்ணாம்புக் கல்லில்தானே இருக்கிறது. நிலாவரைக் கிணற்றைப் போய்ப் பாருங்கள், மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு.

குகைப்பித்தன்:
அண்ணை, நிலாவரையை யார் குறை சொன்னது? ஆனால் அது வேறு கல். யாழ்ப்பாணத்தில் இருப்பது மயோசீன் காலத்தில், அதாவது ஒரு கோடி வருடத்துக்கும் முன், கடலடியில் படிந்தது. வவுல்பனேயில் இருப்பது அதைவிட மிகப் பழையது, பூமிக்குள் வெந்து பளிங்கானது. இலங்கையில் குகை என்று காட்டுவதில் பெரும்பாலானவை பாறைக்கடியில் உள்ள ஒதுக்கிடங்கள்தான், தம்புள்ளையும் அப்படித்தான். தண்ணீர் கல்லைக் கரைத்துக் குடைந்த குகை இங்கே அபூர்வம். அதற்காகத்தான் அவ்வளவு தூரம்.

மலர் மிஸ்:
தாதியாக இருக்கிறேன், ஒரு வார்த்தை. இரத்தினபுரிப் பக்கம் எலிக்காய்ச்சல் அதிகம். காலில் காயம் இருந்தால் ஓடையில் இறங்க வேண்டாம். உள்ளே முகக்கவசம் போடுங்கள், வௌவால் எச்சத் தூசியில் இருக்கும் பூஞ்சை நுரையீரலைப் பிடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் வெளியிலேயே நில்லுங்கள். கீழே விழுந்த வௌவாலைக் கையால் தூக்கவே கூடாது.

நீலா:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவை என்ன செய்வது? வீட்டில் விட்டுப்போனால் ஒரு கிழமைக்கு முகம் கொடுக்கமாட்டார்.

குகைப்பித்தன்:
கூட்டிப்போங்கள், உள்ளே மட்டும் இறக்காதீர்கள். எம்பிலிப்பிட்டிய வீதியில் இன்னும் கொஞ்சம் போய், உடவளவப் பக்கம் திரும்பினால் உடவளவ யானைக்குட்டிகள் இல்லம் வரும், 1995-இல் தொடங்கியது. பால் கொடுக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, குகை முடிந்ததும் வானை அங்கே விடுங்கள். உட்கார்ந்து பார்க்கலாம். வானுக்குள் மாற்றுடுப்பும் பொலித்தீன் பையும் வையுங்கள், அந்தச் சப்பாத்தோடு ஏறினால் டிரைவர் ஏசுவார்.