ஹோம்ஸ்கூலிங்: சோழர் வரலாற்றுக்குப் பொன்னியின் செல்வன் போதுமா?

தேன்கூடு:
பையனுக்கு 16 வயது, என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) வரலாற்றுத் தேர்வு எழுதப் போகிறான். பாடநூலைத் தொடமாட்டான், பொன்னியின் செல்வனைக் கீழே வைக்கமாட்டான். கட்டுரை எழுதச் சொன்னால் "ஆதித்த கரிகாலன் சாவுக்கு நந்தினியே காரணம்" என்கிறான். நாவலை நிறுத்திவிடலாமா?

கல்லெழுத்து:
நிறுத்தாதீர்கள். ஐந்தாம் பாகத்தை மட்டும் இரண்டு வாரம் ஒத்திப்போட்டு, அதற்குள் இரண்டு ஆவணங்களைக் கையில் கொடுங்கள். ஒன்று, காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்களைச் சொல்லி, அவர்கள் சொத்தும் உறவினர் சொத்தும் பறிபோனதைப் பேசுகிறது. இன்னொன்று ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு (தென்னிந்தியக் கல்வெட்டுகள், 3ஆம் தொகுதி). அதே ஆதித்தன் சொர்க்கத்தைக் காணும் ஆசையில் மறைந்தானாம்! கொலை என்ற பேச்சே இல்லை.

ஒன்று சொத்து விவகாரம், மற்றது வம்சப் புகழ்ச்சி. இதை நீங்கள் சொல்லாதீர்கள், அவனே கண்டுபிடிக்கட்டும். ஒரு வகுப்பு முழுக்கப் போகும், போகட்டும். நந்தினி எந்த ஆவணத்திலும் இல்லை என்பதைவிட, நாவலின் சதிகாரன் ரவிதாசன் கல்லில் இருக்கிறான் என்பதுதான் அவனை உலுக்கும்.

ஏரிமதகு:
எனக்கு இதில் உடன்பாடில்லை. நாவல்தான் முதலில் வரவேண்டும். சந்தேகமே எழாதவன் கல்வெட்டில் எதைத் தேடுவான்?

சிக்கல் வேறிடத்தில். கதை சில மாதங்களில், உத்தம சோழன் முடிசூட்டோடு முடிந்துவிடுகிறது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்ததே 985இல். பெரிய கோயில், நில அளவை எல்லாம் அதற்கப்புறம். தேர்வில் அதையும் ஊராட்சியையும்தான் கேட்பார்கள். அதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டை (921) எடுங்கள். குடவோலையில் (ஊர்ச்சபைக்கு ஆள் தேர, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுப்பது) பெயர் எழுத வயது 35 முதல் 70, கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு. நாவல் பாத்திரங்களை இந்த விதிகளில் வடிகட்டச் சொல்லுங்கள். வந்தியத்தேவன் வயதிலேயே அடிபட்டுப் போவான்.

தேன்கூடு:
ஐந்தாம் பாகத்தை ஏற்கெனவே முடித்துவிட்டானே!

கல்லெழுத்து:
அப்படியானால் அந்தக் கட்டுரைத் தாளையே எடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் பென்சிலால் 'கல்', 'செப்பு', 'கல்கி' என்று அவனே குறிக்கட்டும். பிறகு 'கல்கி' விழுந்ததையெல்லாம் அடித்துவிட்டு, மிச்சத்தை வைத்துத் திருப்பி எழுதச் சொல்லுங்கள். அரைப் பக்கம் தேறும். அதற்கு மேல் வந்தால் எங்கேயோ கல்கி இன்னும் ஒளிந்திருக்கிறார், மறுபடி தேடச் சொல்லுங்கள்.