வாரக்கடைசி டிசைனர்கள் வட சென்னையில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

தேரடி:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் திருவொற்றியூர். கிராஃபிக் டிசைன் படித்துவிட்டு இப்போது நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு சின்ன ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் பொண்ணு நான். கூடப் படித்தவர்கள் சில பேர், ஆர்க்கிடெக்சர் முடித்த ஒரு தோழி, எல்லாரும் சேர்ந்து காசு வாங்காமல் நம்ம பக்கத்துக்கு ஏதாவது உருப்படியாகச் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அதைப் பற்றிப் படித்ததில்தான் இந்தப் பேச்சே ஆரம்பித்தது. ப்ராஜெக்ட் எம் என்ற பெயரில் இளம் டிசைனர்கள் அங்கே போய்த் தங்கி ஊர்க்காரர்களோடு வேலை செய்திருக்கிறார்கள். 2009-ல் பைலேப் என்று ஒரு பலகாரக் கடையே திறந்து, கறுப்பர், வெள்ளையர் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச இடம் ஏற்படுத்தினார்கள். படித்ததிலிருந்து இங்கே ஏன் முடியாது என்ற கேள்வி மண்டையைக் குடைகிறது.

நண்பர்கள் ஹவுசிங் போர்டு சுவர்களில் பெரிய ஓவியம் வரையலாம் என்கிறார்கள், 2020-ல் கண்ணகி நகரில் வரைந்த மாதிரி. எனக்குக் காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களுக்கு ஏதாவது செய்ய ஆசை, ஏனென்றால் என் பாட்டி அங்கே ஏலத்தில் எடுத்துத் தெருத் தெருவாகக் கூடை சுமந்தவர். எங்களால் சனி, ஞாயிறு மட்டும்தான் வர முடியும். எதிலிருந்து ஆரம்பிக்கலாம், யாரைக் கேட்க வேண்டும், வந்து ஊருக்குத் தொல்லையாக இல்லாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வியாசை:

தங்கச்சி, நல்ல எண்ணம், வாங்க. நான் வியாசர்பாடியில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் இடத்தில் இருக்கிறேன், அதனால் இப்படி வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். ஒரு கல்லூரியிலிருந்து (பெயர் வேண்டாம்) பிள்ளைகள் வந்து எங்கள் பிளாக்கின் கீழ்ச் சுவர் முழுக்கப் பட்டாம்பூச்சியும் இறக்கையும் வரைந்தார்கள். பிள்ளைகளுக்கு அன்றைக்கு ஒரே கொண்டாட்டம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னாலேதான் கழிவுநீர்க் குழாய் உடைந்து ஒழுகிக்கொண்டிருந்தது. அடுத்த மழைக்கே பெயிண்ட் கொப்பளித்து உரிந்து விழுந்தது. வரைந்தவர்களுக்குப் போன் செய்தால் படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள் என்று பதில் வந்தது.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்றே ஒன்று சொல்வேன்: பிளாக் எண். போர்டு வீடுகளில் எல்லாக் கட்டடமும் ஒரே அச்சு, கட்டும்போது எழுதின எண் எப்போதோ அழிந்துவிட்டது. ராத்திரி 108-க்குப் போன் போட்டால் வண்டி தெருமுனை வரைக்கும் சரியாக வந்துவிடும், அதற்கப்புறம் டிரைவர் "எந்த பிளாக் சார்" என்று கேட்டுக்கொண்டு நிற்பார். வீட்டிலிருந்து ஒருவர் மூன்று மாடி இறங்கி ஓடிப்போய் அழைத்து வர வேண்டும். வீட்டில் ஒரே ஒரு வயசான அம்மா இருந்தால் யார் ஓடுவது? பார்சல் கொண்டுவரும் தம்பிகள் படும் பாடு தனி.

சும்மா வாசலில் ஒரு எண்ணை எழுதிவிட்டுப் போவதும் பிரயோஜனம் இல்லை. வாசலில் பைக் நிற்கும், முதல் மாடி பால்கனியிலிருந்து போர்வை தொங்கும், எண் மறைந்துவிடும். இரண்டாம் மாடி உயரத்தில், தெருவைப் பார்த்த மூலையில், இரண்டு பக்கச் சுவரிலும் இருந்தால்தான் வண்டியில் வருகிறவன் கண்ணுக்குப் படும். தெரு விளக்கு எந்தச் சுவரில் விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். எழுத்து எவ்வளவு பெரிசு, எந்த நிறத்தின் மேல் எந்த நிறம் என்பதெல்லாம் நீங்கள் படித்த படிப்புத்தானே? எங்களுக்கு அது தெரியாது.

கல்மண்டபம்:

நான் ஆர்க்கிடெக்ட், ராயபுரம். கிரீன்ஸ்பரோ பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கதையில் பாதியைத்தான் எல்லாரும் படிக்கிறோம்.

அந்த ஊர் ஹேல் கவுண்டியில் இருக்கிறது. ஏழை மாவட்டம், கெளுத்தி மீன் வளர்ப்புக்குப் பெயர் போனது. ப்ராஜெக்ட் எம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே, 1993-ல், ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் மாக்பியும் டி.கே. ரூத்தும் அதே கவுண்டியில் ரூரல் ஸ்டூடியோவைத் தொடங்கிவிட்டார்கள். கட்டடக்கலை மாணவர்கள் பல்கலைக்கழக ஊரை விட்டு அங்கேயே வந்து தங்கி, அந்த மக்களுக்கு வீடும் பொது இடமும் தங்கள் கையாலேயே கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. பழைய கார்களின் முன்கண்ணாடிகளை ஓடு மாதிரி அடுக்கி மேசன்ஸ் பெண்ட் என்ற இடத்தில் ஒரு சமுதாயக் கூடம் கட்டினார்கள், படம் பார்த்திருப்பீர்கள். ஆனால் என்னைக் கவர்ந்தது அந்தக் கண்ணாடிக் கூடம் இல்லை. 2001-ல் மாக்பி இறந்த பிறகும் ஸ்டூடியோ அந்த இடத்தை விட்டு நகரவில்லை. 2005-லிருந்து பொருளும் கூலியும் சேர்த்து 20,000 டாலருக்குள் ஒரு வீடு கட்ட முடியுமா என்று ஒவ்வொரு வருஷ மாணவர்களும் முந்தின வருஷத்து வீட்டைப் பார்த்து அதைத் திருத்தித் திருத்திக் கட்டினார்கள். அரசு உதவித்தொகையில் காலம் தள்ளும் ஒரு முதியவர் எவ்வளவு கடனைக் கட்ட முடியும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தத் தொகைக்கு வந்தார்கள். பசங்க மாறிக்கொண்டே இருக்கிறார்கள், இடம் மாறவில்லை, முந்தின வேலையின் குறை அடுத்தவன் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

பைலேப் கதை வேறு. அதைத் தொடங்கிய வெளியூர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். அப்புறமும் கடை நடந்தது, காரணம் ஹீரோ என்ற அமைப்பு. உள்ளூரில் வீட்டு வசதிக்காக ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் இல்லை என்றால் பூட்டுத்தான்.

இதே ப்ராஜெக்ட் எம் பிள்ளைகள் 2007-ல் செய்த இன்னொரு வேலையை நீங்கள் படித்தீர்களா தெரியவில்லை. அந்த மாவட்டத்தில் பல வீடுகளுக்குச் சுத்தமான குழாய்த் தண்ணீர் இல்லை, காரணம் இணைப்புக்கான மீட்டர் வாங்க 425 டாலர் அவர்களிடம் இல்லை. டிசைனர்கள் குழாயும் தோண்டவில்லை, சுவரும் வரையவில்லை. செய்தித்தாள் மாதிரி ஒரு தாளை அச்சடித்து, இத்தனை டாலர் கொடுத்தால் ஒரு குடும்பத்துக்குத் தண்ணீர் வரும் என்று பட்டென்று புரிகிற மாதிரி கேட்டார்கள். பணம் வந்தது, வீடுகளுக்கு மீட்டர் போனது. சனி ஞாயிறு மட்டும் நேரம் இருக்கிற உங்களுக்கு என் பார்வையில் இதுதான் சரியான உதாரணம்.

பழைய வண்ணை:

பாப்பா, நான் கடைப் பெயர்ப் பலகை எழுதுகிற போர்டு ஆர்ட்டிஸ்ட். ஃபிளெக்ஸ் வந்ததிலிருந்து எங்களுக்கு வேலை கிடையாது, ஏதோ தேர்தல் சமயத்திலும் லாரிக்கு நம்பர் எழுதுவதிலும் ஓடுகிறது. நீங்கள் பிளாக் எண் எழுதுவதாக இருந்தால் பெயிண்ட் விஷயத்தை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

இங்கே கடல் காத்து. இரும்புத் தகட்டில் போர்டு அடித்து மாட்டினால் திருகாணி முதலில் துருப்பிடிக்கும், அப்புறம் போர்டே தொங்கும், கீழே பிள்ளைகள் விளையாடும் இடம். சுவரிலேயே எழுதுங்கள். பழைய சுண்ணாம்பு மேலே நேராக எனாமல் அடித்தால் உப்பு பூத்துக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிடும். கம்பி பிரஷ் போட்டுக் கெட்டிச் சுவர் வரும் வரை சுரண்டு, தூசி போகத் துடை, எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கோட், நன்றாகக் காய்ந்த பிறகு எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட். ஈரம் ஊறுகிற சுவர் என்றால் அதைத் தொடாதே, பக்கத்துச் சுவரைப் பார். ஐப்பசி, கார்த்திகையில் வேலையே வேண்டாம், தை பிறக்கட்டும்.

இன்னொன்று. இரண்டாம் மாடி உயரம் என்றால் சாரம் கட்ட வேண்டும், அதில் ஏறிப் பழக்கம் இல்லாத பிள்ளைகள் ஏறக் கூடாது. எங்களில் ஏறத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எழுத்து வடிவம் நீங்கள் போடுங்கள், நேர்கோடு வர நூல் அடித்துச் சுவரில் ஏற்றுவது எங்கள் வேலை. ஆனால் எங்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். நீங்கள் சம்பளக்காரர்கள், லீவு நாளில் இலவசமாகச் செய்யலாம், எங்களுக்கு அன்றைக்கு வேலை செய்தால்தான் அன்றைக்குச் சோறு.

மீன்கூடை:

காசிமேடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் அம்மா இன்னும் அங்கேதான் வியாபாரம். அன்னக்கூடைக்கு டிசைன் மாற்றித் தருகிறோம், குடை செய்து தருகிறோம் என்று யோசிக்காதீர்கள், அவர்களுக்கு எந்தப் பாத்திரத்தில் ஐஸ் எவ்வளவு நேரம் நிற்கும் என்று உங்களை விட நன்றாகத் தெரியும். இருட்டோடு ஏலத்துக்குப் போனால் வெயில் ஏறும் வரைக்கும் அங்கேதான். கழிப்பறைக்கு எங்கே போவது, குடிக்கத் தண்ணீர் எங்கே பிடிப்பது, மிச்ச மீனை எங்கே வைப்பது, இதுதான் அவர்கள் பேச்சு. அம்மா கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார், இதை நான் எத்தனை தடவை சண்டை போட்டும் மாற்ற முடியவில்லை.

கழிப்பறை கட்டுவது உங்கள் வேலை இல்லை, அது அரசு செய்ய வேண்டியது. ஆனால் மேலே சொன்ன 425 டாலர் தாள் மாதிரி ஒன்றை உங்களால் செய்ய முடியும். எத்தனை பெண்கள், எங்கே உட்காருகிறார்கள், இருக்கிற கழிப்பறை எவ்வளவு தூரம், எத்தனை மணிக்குத் திறக்கிறது, எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைபடமாகப் போட்டுக் கொடுங்கள். எங்கள் சங்கப் பெண்கள் மனு எழுதும்போது பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், வாங்கி வைத்துக்கொள்கிற அதிகாரி படிப்பதே இல்லை. ஒரு படம் இருந்தால் மேசை மேல் விரித்து வைத்துக் கேள்வி கேட்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வராதீர்கள், அன்றைக்குத்தான் கூட்டம், ஒருவரும் நின்று பேச மாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு போகாது, அப்போது அம்மாக்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். வருமானம் இல்லாத மாதங்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள், கேமராவை முதல் நாளே எடுக்க வேண்டாம்.

எண்ணூரான்:

வரைபடம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்தைக் காப்பாற்றும் போராட்டத்தில் ஒரு வரைபடம்தான் பெரிய சாட்சி. கழிமுகமே இல்லாத மாதிரி ஒரு கடலோர வரைபடத்தை 2017-ல் அதிகாரிகள் காட்டினார்கள், 1996-ல் ஒப்புதல் பெற்ற வரைபடத்திலோ அது பாதுகாக்க வேண்டிய பகுதியாகத் தெளிவாக இருந்தது. மீனவர்கள் அந்தப் பழைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து வலையும் படகும் நாசமானபோது எந்தத் தெரு வரைக்கும் எண்ணெய் ஏறியது என்று காட்டத் தெளிவான ஒரு படம் எங்கள் கையில் இருந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! ஆகவே அந்த அக்கா கேட்கிற தாளைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். சுவர் ஓவியத்தையும் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தினம் சாம்பலும் புகையும் பார்க்கிற எங்கள் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் நிறம் வேண்டும்தான், ஒழுகுகிற குழாயை அடைத்த பிறகு வரையுங்கள்.

தேரடி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நண்பர்கள் எல்லாரும் இதைப் படித்தார்கள். பிளாக் எண் வேலையை முதலில் எடுக்கிறோம், வியாசை அண்ணா பிளாக்கிலேயே. ஐயா, கூலியோடுதான், அதற்கு எங்கள் சம்பளத்திலிருந்தே சேர்க்கிறோம். தடைக்காலத்தில் மீன்கூடை அக்கா கூட இருந்தால் காசிமேட்டுத் தாளைத் தொடங்குகிறோம். இரண்டு கேள்வி: போர்டு சுவரில் எழுத யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? நாங்கள் வர முடியாமல் போனால் அப்புறம் அந்த எண்களை யார் பார்த்துக்கொள்வது?

கல்மண்டபம்:

சுவர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துடையது, அதாவது 1970-ல் தொடங்கி 2021 வரை குடிசை மாற்று வாரியம் என்று இருந்தது. அந்தப் பகுதிக் கோட்ட அலுவலகத்தில் செயற்பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள். போகும்போது முதலில் கேட்க வேண்டியது, அந்த பிளாக் இடித்துக் கட்டும் பட்டியலில் இருக்கிறதா என்பதை. பழைய கட்டடங்களை ஒவ்வொன்றாக இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அடுத்த வருஷம் இடிக்கப் போகிற சுவரில் நீங்கள் சாரம் கட்ட வேண்டாம். வார்டு கவுன்சிலரிடமும் சொல்லுங்கள். பகுதி சபை கூடினால் அங்கே குடியிருப்பவர்களே எழுந்து கேட்கட்டும், நீங்கள் பின்னால் உட்காருங்கள்.

வியாசை:

பார்த்துக்கொள்வது எங்கள் பாடசாலைப் பெரிய பிள்ளைகள் பொறுப்பு, ஆனால் ஸ்டென்சிலையும் மிச்ச பெயிண்ட்டையும் எந்த நிறம், எந்த எண் என்று எழுதி எங்களிடமே விட்டுவிட்டுப் போங்கள். அழிந்தால் அவர்களே ஏற்றுவார்கள், ஐயா அவர்களுக்கு நூல் அடிக்கச் சொல்லித் தரட்டும். வரும் சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் வாங்க தங்கச்சி, அதற்கு முன்னால் லாரித் தண்ணி வரும், எல்லாரும் குடத்தோடு கீழே நிற்பார்கள். இருட்டும் வரை இருங்கள், விளக்கு எந்தச் சுவரில் விழுகிறது என்று பார்த்துவிடலாம்.