கன்வர்ஷன்: உருமாற்றமா, வகைபெயர்ப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு வகை விமானத்தின் கிட்டை (ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் உறுப்புத் தொகுப்பை) வெட்டி ஒட்டி வேறொரு வகையாக்குவதைச் சிறுமாதிரி விமானம் செய்பவர்கள் 'கன்வர்ஷன்' என்பார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற கேள்விக்கு உருமாற்றம், மாற்றமைப்பு, திரிபு என்று மூன்று சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றும் நல்ல தமிழ்தான். ஆனால் கத்தியும் உப்புத்தாளுமாக அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் எனக்கு மூன்றுமே பொருந்தவில்லை.

என் மேசையில் 1:72 அளவில் ஒரு சுகோய் சு-27யுபி கிட் இருக்கிறது. இரண்டு பேர் அமரும் பயிற்சிப் போர்விமானம். எனக்கு வேண்டியதோ சு-30எம்கேஐ. 2020 ஜனவரி 20 அன்று தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 222ஆவது அணி பெற்றுக்கொண்டதே, அந்த விமானம். சு-30 பிறந்ததே சு-27யுபியிலிருந்துதான் என்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கிட்டே போனால்தான் வேலை தெரியும்.

எம்கேஐக்குப் பெருஞ்சிறகின் முன்னால் இரண்டு சிறு முன்சிறகுகள் உண்டு, யுபியில் இல்லை. பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டினால் மட்டும் போதாது, அவை உட்காரும் இடத்தில் சிறகு வேரின் விளிம்பையும் அறுத்துப் புதிதாக வளைக்க வேண்டும். முன்சக்கரம் ஒற்றை, அதை இரட்டையாக்க வேண்டும். ஓட்டுநர் கண்ணாடிக்கு முன்னால் நடுவில் உருண்டையாக நிற்கும் அகச்சிவப்புத் தேடுகருவி எம்கேஐயில் வலப்பக்கம் தள்ளி இருக்கும். ஆகவே நடுவில் இருப்பதைச் செதுக்கி எடுத்து, பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்து, தேய்த்து, அங்கே ஒன்று இருந்த அடையாளமே தெரியாமல் செய்ய வேண்டும். இடப்பக்கத்தில் வானிலேயே எரிபொருள் வாங்கும் குழாய். பின்னால் ஏஎல்-31எஃப்பி எஞ்சினின் திசைதிரும்பும் பீச்சுக்குழாய்கள். அவை மேலும் கீழும் மட்டும் அசைபவை அல்ல, அசையும் தளமே 32 பாகை வெளிப்புறம் சாய்ந்தது. அந்தச் சாய்வு தவறினால் பார்க்கத் தெரிந்தவர் கண்ணில் அதுதான் முதலில் படும்.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

உருமாற்றம் என்றால் புழு பட்டாம்பூச்சி ஆவது. இங்கே உரு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, மாறுவது வகை. மாற்றமைப்பு உண்மையான விமானத்துக்கே தேவைப்படும் சொல். 2.5 டன் எடையுள்ள பிரமோஸ் ஏவுகணையைச் சுமப்பதற்காக எம்கேஐயின் அடிவயிற்றை வலுப்படுத்தினார்களே, அதுதான் மாற்றமைப்பு. அதற்குப் பிறகும் அது எம்கேஐதான். திரிபு நம் பொறியியல் பாடநூல்களில் தகைவுக்கு (stress) ஜோடியான strain என்ற பொருளில் ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டது. விமானக் கட்டமைப்பைப் பற்றி எழுதும்போது அதே சொல்லை இரு பொருளில் ஆள நேரும்.

என் பரிந்துரை: வகைபெயர்ப்பு. மொழிபெயர்ப்பு என்ற சொல்லின் அச்சிலேயே வார்த்தது. பெயர்த்தல் என்றால் இருந்த இடத்திலிருந்து கிளப்பி வேறிடத்தில் வைத்தல். நாற்றைப் பெயர்த்து நடுவதைப் போல. மொழிபெயர்ப்பாளர் சேர்ப்பதோடு நிற்பதில்லை, விடவும் செய்கிறார். இந்த வேலையும் அப்படித்தான். வினையாகவும் இயல்பாக வருகிறது: "யுபியை எம்கேஐயாக வகைபெயர்த்தேன்."

'வகைப்பெயர்ப்பு' என்று ஒற்று மிக வேண்டாமா என்று யாரேனும் கேட்கலாம். வேண்டாம் என்பதே என் கருத்து. வகையைப் பெயர்ப்பது என்று இரண்டாம் வேற்றுமை தொக்கு நிற்பதால் மொழிபெயர்ப்பைப் போலவே ஒற்று மிகாது. ஒற்றுப் போட்டால் 'வகைப்பெயர்' என்று படித்துவிடும் ஆபத்தும் உண்டு.

உள்வேலைகளுக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம் என்று தோன்றுகிறது. விகாரப் புணர்ச்சி மூன்றையும் பள்ளியில் படித்திருக்கிறோம். வாழைப்பழத்தில் ப் தோன்றுவது போல முன்சிறகு தோன்றல். பொற்குடத்தில் ன் ற் ஆவது போல முன்சக்கரம் இரட்டையாவது திரிதல். மரவேரில் ம் மறைவது போல நடுவில் நின்ற தேடுகருவி மறைவது கெடுதல். செய்முறைக் குறிப்பு எழுதும்போது ஒவ்வொரு உறுப்புக்கும் பக்கத்தில் இந்த மூன்றில் ஒன்றைக் குறித்தால் போதும். நான் என் குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். கெடுதல் பட்டியலை முதலில் முடித்துவிடுவது நல்லது. பட்டி காய்வதற்கு நேரம் பிடிக்கும்.

இரண்டு கிட்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாகக் கட்டுவதை வகைபெயர்ப்பில் அடக்க வேண்டாம். அதற்குக் கலப்புக்கட்டு என்று வைக்கலாமா? அந்தச் சொல்லில் எனக்கு இன்னும் உறுதி வரவில்லை, கட்டுபவர்கள் சொல்லுங்கள்.